பழைய கச்சேரி டேப்புகளை எந்த வடிவத்தில் சேமிப்பது? ஃபிளாக், எம்பி3, ஓபஸ்: முழுமையான வழிகாட்டி

“டேப்பே இரைச்சலாகத்தான் இருக்கிறது, இதற்கு எதற்கு லாஸ்லெஸ்? எம்பி3 போதும்.” வீட்டில் பழைய கச்சேரி கேசட்டுகள் வைத்திருப்பவர்களிடம் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். என் கருத்து இதற்கு நேர் எதிரானது. ஸ்டுடியோவில் சுத்தமாகப் பதிவான பாட்டை எம்பி3 ஆக வைத்துக்கொண்டால்கூடப் பெரிய மோசமில்லை. இரைச்சலும் தேய்மானமும் உள்ள பழைய நேரடிப் பதிவுக்குத்தான் லாஸ்லெஸ், அதாவது ஒலியில் எதையும் இழக்காமல் சேமிக்கும் வடிவம், கட்டாயம் வேண்டும். ஏன் என்பதையும், டேப்பிலிருந்து எடுப்பதில் தொடங்கி காரில் கேட்பது வரை எந்தக் கட்டத்தில் எந்த வடிவம் என்பதையும் பார்க்கலாம்.

கர்நாடக இசையில் இந்தப் பதிவுகளுக்குத் தனி மதிப்பு உண்டு. 78 ஆர்பிஎம் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடம்தான் அடங்கும். அதில் ஒரு கீர்த்தனையைச் சுருக்கிப் பாடலாம். விஸ்தாரமான ஆலாபனை, நிரவல், ராகம் தானம் பல்லவி எதற்கும் இடமில்லை. 1965-ல் மறைந்த ஜி.என். பாலசுப்ரமணியமும் 1968-ல் மறைந்த மதுரை மணி ஐயரும் மேடையில் மணிக்கணக்கில் எப்படிப் பாடினார்கள் என்று இன்று நமக்குத் தெரிவது, யாரோ ஒரு ரசிகர் சபாவிலோ கல்யாணக் கச்சேரியிலோ ஸ்பூல் ரெக்கார்டரை (திறந்த சுருளில் டேப் ஓடும் கருவியை) ஓடவிட்டதாலும், வானொலி ஒலிபரப்பை வீட்டில் பதிந்து வைத்ததாலும்தான். பல கச்சேரிகளுக்கு அந்த ஒரு டேப்பைத் தவிர வேறு சான்றே கிடையாது.

லாஸ்லெஸ், இழப்புள்ளது: இரண்டு வகையும் செய்யும் வேலை

வேவ் கோப்பு என்பது எண்களாக மாற்றிய ஒலி, அப்படியே. ஃபிளாக் அதே எண்களைக் குறைந்த இடத்தில் அடுக்கி வைக்கிறது. திறக்கும்போது ஒரு எண்கூட மாறாமல் திரும்பி வரும். 2001-ல் வெளிவந்தது, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். ஆப்பிள் லாஸ்லெஸ் வடிவமும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஃபிளாக்கில் 0 முதல் 8 வரை உள்ள நிலைகளைப் பார்த்துச் சிலர் குழம்புகிறார்கள். அவை தரத்துக்கான நிலைகள் அல்ல. 8-ல் வைத்தால் கணினி சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இடம் மிச்சப்படுத்தும், அவ்வளவுதான். ஒலி எல்லாவற்றிலும் ஒன்றே.

எம்பி3, ஏஏசி, ஓபஸ் போன்றவை வேறு வழியில் போகின்றன. பலத்த ஒலி ஒன்று கேட்கும்போது அதை ஒட்டிய மெல்லிய ஒலிகள் நம் காதுக்கு எட்டாது. அந்த மறையும் பகுதிகளைத் துல்லியமில்லாமல் எழுதி, சிலவற்றை விட்டேவிட்டு, கோப்பைப் பத்தில் ஒரு பங்காகக்கூடக் குறைத்துவிடுகின்றன. விட்டது திரும்ப வராது. எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றினால் கோப்பு பெரிதாகும், ஒலியில் எதுவும் கூடாது.

இரைச்சல் டேப்புக்கு ஏன் லாஸ்லெஸ்

மூன்று காரணங்கள். முதலாவது, டேப்பின் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலே. சுருக்கும் மென்பொருளுக்கு மிகக் கடினமான ஒலிகளில் இது ஒன்று. ஒழுங்கே இல்லாத ஒலி என்பதால் அதை எழுத நிறைய பிட் வேண்டும். பிட் போதாவிட்டால் சீராக ஓட வேண்டிய இரைச்சல் விட்டுவிட்டுக் கொப்பளிக்கத் தொடங்கும். 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு 128 ஆயிரம் பிட்; இந்த வேகமே பிட்ரேட்) எம்பி3-ல் ஆலாபனையின் தொடக்கத்தை, தம்புராவும் குரலும் மட்டும் இருக்கும் இடத்தை, ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். பாட்டுக்குப் பின்னால் ஏதோ சுழன்றுகொண்டே இருக்கும். சீரான டேப் இரைச்சலைக் காது ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும். இந்தச் சுழற்சியை மறக்க விடாது.

இரண்டாவது, மிருதங்கம். எம்பி3 ஒலியைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டித்தான் கையாள்கிறது. வலந்தலையில் ஒரு கூர்மையான சொல் (அடி) விழும்போது, அந்தத் துண்டில் ஏற்படும் பிழை அடிக்கு முன்னாலும் சில மில்லி விநாடி பரவிவிடும். கஞ்சிராவும் கடமும் சேர்ந்து போகும் தனி ஆவர்த்தனத்தில், குறைந்த பிட்ரேட்டில் சொற்களின் முனை மழுங்குவது இதனால்தான். கைதட்டலும் இதே ரகம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமான காரணம். பழைய டேப்பில் வேலை பாக்கி இருக்கிறது. வேகத்தைச் சரிசெய்ய வேண்டும், இரைச்சலைக் குறைக்க வேண்டும், மங்கிய மேல்ஸ்தாயியை (உயர் அதிர்வெண் ஒலிகளை) கொஞ்சம் தூக்க வேண்டும். எம்பி3 தன் பிழைகளைப் பலத்த ஒலிகளின் மறைவில் ஒளித்து வைக்கிறது. நீங்கள் இரைச்சலைக் குறைத்தாலோ ஈக்வலைசரில் ஏற்றினாலோ அந்த மறைவு போய்விடும். பிழைகள் வெளியே வந்து நிற்கும். இன்றைய மென்பொருளைவிடப் பத்து ஆண்டு கழித்து வருவது நன்றாகச் சுத்தம் செய்யக்கூடும். அன்றைக்குக் கையில் முழு ஒலியும் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழுவின் ரசிகர்கள் இதை வெகு முன்பே புரிந்துகொண்டார்கள். 1984-லிருந்து அரங்கில் பதிவு செய்பவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கிய குழு அது. அந்த டேப்புகளை இணையத்தில் பரிமாறத் தொடங்கியபோது, ஷார்டன் என்ற லாஸ்லெஸ் வடிவத்தை மட்டுமே ஏற்பது என்று ரசிகர்கள் வைத்துக்கொண்டார்கள், எம்பி3 கூடாது. பின்னர் ஷார்டன் வழக்கொழிந்து ஃபிளாக் வந்தது. ஒரு எண்கூடச் சிந்தாமல் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள முடிந்தது. 2002-ல் இன்டர்நெட் ஆர்க்கைவில் தொடங்கிய நேரடி இசைக் காப்பகமும் லாஸ்லெஸ் கோப்பைத்தான் வாங்கிக்கொள்கிறது. கேட்பதற்கான எம்பி3-ஐ அதிலிருந்து தானே உருவாக்கிக்கொள்கிறது. நாமும் வீட்டில் செய்ய வேண்டியது இதையேதான்.

படி 1: கையில் இருப்பது என்ன என்று பாருங்கள்

வடிவத்தைத் தீர்மானிப்பதற்கு முன் மூலத்தை அறிய வேண்டும். ஸ்பூலோ கேசட்டோ இருந்தால் கேள்வியே இல்லை, லாஸ்லெஸ்தான். டாட் (டிஜிட்டல் ஆடியோ டேப்) நாடாவும் ஆடியோ சிடியும் அப்படியே. மினிடிஸ்க்கில் பதிந்த கச்சேரி என்றால், மினிடிஸ்க் பதியும்போதே ஒலியைச் சுருக்கிவிட்டது. இருந்தாலும் அதை ஃபிளாக்காகவே எடுங்கள். எம்பி3 ஆக எடுத்தால் ஏற்கெனவே விழுந்த இழப்பின் மேல் இன்னோர் இழப்பு ஏறும். இணையத்திலிருந்து கிடைத்த எம்பி3 என்றால் அந்தக் கோப்பையே தொடாமல் வைத்துக்கொள்வது போதும். யூடியூபில் இருப்பதும் சுருக்கிய ஒலிதான். அதை இறக்கி ஃபிளாக்காக மாற்றி நண்பருக்குக் கொடுத்தால், வாங்குபவர் அதை மூலம் என்று நம்பிவிடுவார்.

யாரோ கொடுத்த ஃபிளாக் உண்மையானதா என்று சோதிக்க ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் திறந்து, ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றுங்கள். கேசட் இரைச்சல் மேலே போகப்போக மெல்ல மங்கும். குறைந்த பிட்ரேட் எம்பி3 வழியாக வந்த கோப்பில் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டிய மாதிரி ஒரு நேர்க்கோடு தெரியும், அதற்கு மேல் கறுப்பு. ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. எஃப்எம் ஒலிபரப்பே 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும்; மீடியம் வேவ் இன்னும் கீழேயே. அதனால் வானொலியிலிருந்து பதிந்த நல்ல டேப்பும் சந்தேகத்துக்கு உரியதாகத் தோன்றலாம். இரைச்சலைக் கவனியுங்கள். வானொலி ஒலி நின்ற பிறகும் டேப்பின் சொந்த இரைச்சல் மேலே தொடரும். எம்பி3 கோட்டுக்கு மேல் அதுவும் இருக்காது. 15.6 கிலோஹெர்ட்ஸில் மெல்லிய ஒரு கோடு தொடக்கம் முதல் முடிவு வரை நேராக ஓடினால் பயப்பட வேண்டாம். அது பழைய டிவியின் கீச்சொலி. தூர்தர்ஷன் கச்சேரியைப் பதிந்தவர்களின் டேப்பில் இதைப் பார்க்கலாம்.

படி 2: டேப்பிலிருந்து எடுப்பது

எந்த வடிவமும் டெக்கில் (டேப்பை ஓட்டும் கருவியில்) தவறவிட்டதை மீட்டுத் தராது. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் ஹெட்டையும் டேப் போகும் பாதையையும் துடையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் டேப்பில் வெள்ளைப் பூஞ்சை பிடிப்பது சகஜம். அப்படி இருந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள், அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். ஒரு டேப்பின் பூஞ்சை டெக் வழியாக அடுத்த டேப்புக்குப் போய்விடும்.

அடுத்தது அசிமத், அதாவது ஹெட் டேப்பின் மேல் நிற்கும் சாய்வு. பதிவு செய்த ரெக்கார்டரின் சாய்வும் உங்கள் டெக்கின் சாய்வும் பொருந்தாவிட்டால் மேல்ஸ்தாயி மங்கிப்போகும். ஹெட் அருகில் உள்ள சிறு திருகை, இரண்டு சேனலையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டபடி, மிக மெதுவாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் தம்புரா திறந்துகொள்ளும், வயலினின் வில் உரசல் கேட்கும். அதுதான் சரியான இடம். வெவ்வேறு மெஷினில் பதிவான டேப் என்றால் ஒவ்வொன்றுக்கும் இதைச் செய்ய வேண்டும். எம்பி3-க்கும் ஃபிளாக்குக்கும் உள்ள வித்தியாசத்தைவிட இது தரும் வித்தியாசம் பெரிது. டால்பி (இரைச்சல் குறைக்கும் வசதி) போட்டுப் பதிந்ததாக உறையில் குறிப்பு இல்லாவிட்டால் டெக்கில் டால்பியை ஆஃப் செய்துவிடுங்கள்.

கணினியில் இணைக்க, டெக்கின் ஒலியை எண்களாக மாற்றித் தரும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும். யூஎஸ்பி கம்பியோடு வரும் மலிவான கேசட் பிளேயர்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றின் ஓட்டம் சீராக இருக்காது, சுருதி அலையும்.

அளவு (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது, ஒவ்வொன்றையும் எத்தனை பிட்டில் எழுதுவது): கேசட்டுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஸ்பூலுக்கு, அதிலும் ஒரே பிரதி என்றால், 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒலிக் காப்பகங்களின் சர்வதேச அமைப்பான ஐயாசா குறைந்தபட்சமாகச் சொல்வது முதலாவதை, பரிந்துரைப்பது இரண்டாவதை. கேசட்டின் ஒலி வீச்சுக்கு 16 பிட்டே தாராளம் என்பது உண்மைதான். ஆனால் 24 பிட்டில் எடுத்தால் லெவலைத் தாழ்வாக வைத்துக்கொள்ளலாம். கீர்த்தனையின்போது சரியாக இருக்கும் லெவல் தனி ஆவர்த்தனத்தின் கோர்வையில் எகிறிவிடும்; உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் விட்டுவைத்தால் நிம்மதி. உச்சியில் வெட்டுப்பட்ட ஒலியை எந்த ஃபிளாக்கும் சரிசெய்யாது.

ஒரு பக்கத்துக்கு ஒரு கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வேவ் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது; 96/24 ஸ்டீரியோவில் அது இரண்டு மணி நேரத்திலேயே நிறைந்துவிடும்.

படி 3: மூலக் கோப்பு

எடுத்த ஒலியை வெட்டாமல், ஒட்டாமல், இரைச்சல் நீக்காமல் 24 பிட் ஃபிளாக்காகச் சேமியுங்கள். வேவ் வேண்டாம் என்று சொல்லக் காரணம் இடம் மட்டும் இல்லை. ஃபிளாக் தனக்குள்ளேயே ஒலியின் எம்டி5 சரிபார்ப்பு எண்ணை வைத்துக்கொள்கிறது. ஐந்து ஆண்டு கழித்து டிஸ்க்கில் ஒரு பிட் கெட்டிருந்தாலும் சோதனை ஓட்டினால் தெரிந்துவிடும். வேவில் அந்த வசதி கிடையாது. விவரங்களை எழுதும் இடமும் ஃபிளாக்கில் ஒழுங்காக இருக்கிறது.

இட விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இரைச்சலை ஃபிளாக்காலும் அதிகம் சுருக்க முடியாது. 24 பிட்டின் கடைசிப் பிட்டுகள் முழுக்க டேப் இரைச்சல்தான், அவை அப்படியே நிற்கும். மூன்று மணி நேரக் கச்சேரி 48/24 ஸ்டீரியோவில் வேவ் ஆக சுமார் 3.1 ஜிபி, ஃபிளாக்கில் 2 ஜிபி வாக்கில் எதிர்பார்க்கலாம். அதே கச்சேரி 256 கேபிபிஎஸ் எம்பி3-ல் 350 எம்பி. பார்க்க வித்தியாசம் பெரிதுதான். ஆனால் 90 நிமிட கேசட் 100 இருந்தால் மொத்தம் 150 மணி நேரம். வேவ் கணக்கில்கூட 156 ஜிபிதான். ஒரு டெராபைட் டிஸ்க்கின் ஓரத்தில் அடங்கிவிடும். இடம் போதாது என்ற வாதம் 2000-களின் தொடக்கத்தில் நியாயமாக இருந்தது; இப்போது இல்லை.

மோனோ டேப்பை ஸ்டீரியோ டெக்கில் ஓட்டும்போது இரண்டு சேனலையும் எடுத்து மூலத்தில் அப்படியே வையுங்கள். நகலில் எது தெளிவாக இருக்கிறதோ அந்தச் சேனலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். அசிமத் சரியாக இல்லாதபோது இரண்டையும் கூட்டினால் மேல்ஸ்தாயி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும்.

படி 4: நகலில் வேலை

இனி எல்லாம் நகலில்தான். முதலில் சுருதி. வேகம் 6 சதவீதம் கூடினால் ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். ஒன்றரைக் கட்டையில் பாடும் வித்வான் இரண்டு கட்டையில் கேட்டால் குரலின் கனமே மாறிப்போகும், காலப்பிரமாணமும் ஓட்டமாகத் தெரியும். அதே பாடகரின் அதே காலத்து நல்ல பதிவு ஒன்றை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொடாதீர்கள். வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதிதான் வேண்டும். டேப்பில் பதிந்த 50 ஹெர்ட்ஸ் மின் ரீங்காரத்தை அளவுகோலாகக் கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் காலத்தில் நம் ஊர் மின்சாரம் 50-ல் நிலையாக நின்றதில்லை என்பதால் அதை முழுசாக நம்ப வேண்டாம்.

அப்புறம் இரைச்சல் நீக்கம். கச்சேரிப் பதிவுகள் அதிகம் பாழாவது இங்கேதான். மென்பொருள் முதலில் ‘இரைச்சல் மட்டும் உள்ள ஒரு பகுதியைக் காட்டு’ என்று கேட்கும். பாட்டு நின்ற இடத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்போம். ஆனால் கச்சேரியில் பாட்டு நின்றாலும் தம்புரா நிற்பதில்லை! மென்பொருள் தம்புராவையும் இரைச்சல் கணக்கில் சேர்த்துக்கொண்டு கச்சேரி முழுவதும் அதை அழித்துக்கொண்டே போகும். நன்றாகச் சேர்ந்த தம்புராவில் மந்தர ஷட்ஜத்திலிருந்து தானாக எழும் அந்தர காந்தாரம் போயே போய்விடும். பிறகு கேட்டால் குரல் வெற்றிடத்தில் தொங்கும். தம்புரா தொடங்குவதற்கு முன்னால் டேப்பில் இரண்டு விநாடி வெறும் ஓட்டம் இருந்தால் அதைக் கொடுங்கள். அது கிடைக்காவிட்டால் இரைச்சல் நீக்கத்தைக் கைவிடுவதே நல்லது. கிடைத்தாலும் 4 முதல் 6 டெசிபலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த நகலையும் ஃபிளாக்காகவே சேமியுங்கள், 24 பிட்டோ 16 பிட்டோ. உருப்படி வாரியாக வெட்டுவதும் இந்த நகலில்தான்.

படி 5: கேட்பதற்கான கோப்பு

போனில், காரில், நடைப்பயிற்சியில் கேட்க சுருக்கிய கோப்பு ஒன்றைத் தனியாக உருவாக்கிக்கொள்ளுங்கள். இங்கே எம்பி3-ஐ ஒதுக்க ஒரு காரணமும் இல்லை. புளூடூத் ஹெட்ஃபோனில் கேட்கும்போது ஃபிளாக்கும் பெரும்பாலும் வழியில் சுருங்கித்தான் காதுக்கு வருகிறது.

என் தேர்வு: ஆண்ட்ராய்டு போனுக்கு ஓபஸ், ஸ்டீரியோ என்றால் 128 கேபிபிஎஸ், மோனோ என்றால் 64. ஐபோனுக்கு ஏஏசி 192 முதல் 256. பழைய கார் ஸ்டீரியோ, பென் டிரைவ் போட்டுக் கேட்கும் தாத்தா பாட்டி என்றால் எம்பி3தான். எம்பி3 உருவாக்கும் லேம் என்கோடரில் வி0 தரம் வைத்தால் கடினமான இடங்களுக்கு அதுவே பிட்டைக் கூட்டிக் கொடுக்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3 மட்டும் கச்சேரிக்கு வேண்டாம்.

உங்கள் காதுக்கு எது போதும் என்று தெரிந்துகொள்ள ஃபூபார்2000 என்ற பிளேயர் மென்பொருளில் ஏபிஎக்ஸ் சோதனையைக் கூடுதல் வசதியாகச் சேர்த்துக்கொள்ளலாம். எது எந்தக் கோப்பு என்று சொல்லாமல் மாற்றிமாற்றிப் போட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லும். முழுக் கீர்த்தனையை வைத்துச் சோதிக்காதீர்கள். மூன்று துண்டு போதும்: ஆலாபனைத் தொடக்கம், தனி ஆவர்த்தனத்தின் மோரா (தாள முடிப்பு), கைதட்டல். இந்த மூன்றிலும் உங்களால் பிரித்தறிய முடியாத பிட்ரேட் எதுவோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

எம்பி3-ல் இன்னொரு சிக்கல் உண்டு. கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் அது சிறு மௌனத்தைச் சேர்க்கிறது; சில பிளேயர்கள் அதைத் தாண்டிப் போகத் தெரியாதவை. ராகம், தானம், பல்லவி என்று மூன்று கோப்பாக வெட்டினால் தானம் பல்லவியில் இறங்கும் இடத்தில் விக்கும். அந்த மூன்றையும் ஒரே கோப்பாக வைத்துவிடுங்கள்.

சுருக்கிய கோப்பிலிருந்து இன்னொரு சுருக்கிய கோப்பை உருவாக்கக் கூடாது. புதிய வடிவம் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் ஃபிளாக்கிலிருந்தே தொடங்க வேண்டும்.

படி 6: விவரம் எழுதுவது

ஃபிளாக்கில் நாம் விரும்பிய பெயரில் எத்தனை விவரக் கட்டங்களையும் சேர்க்கலாம், தமிழிலேயே எழுதலாம். ராகம், தாளம், இயற்றியவர், வயலின், மிருதங்கம், உபபக்கவாத்தியம், இடம், தேதி. இவற்றோடு ஒலி வந்த வழியையும் எழுதுங்கள்: ‘ஸ்பூலிலிருந்து நகலெடுத்த கேசட், டால்பி இல்லை, 48/24, வேகம் 2 சதவீதம் குறைக்கப்பட்டது’. அதே கச்சேரியின் வேறு டேப் இன்னொருவரிடம் கிடைக்கும்போது எது மூலத்துக்கு நெருக்கம் என்று முடிவு செய்ய இந்த ஒரு வரிதான் உதவும். கேசட் உறையில் உள்ளதை அப்படியே எழுதிவிட்டு, உங்கள் ஊகத்தைக் கேள்விக்குறியோடு தனியாகப் போடுங்கள். உறையின் இரு பக்கத்தையும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் வையுங்கள். ஊகமாக எழுதிய ஆண்டு இரண்டு கை மாறினால் வரலாறாகிவிடுகிறது.

படி 7: பிரதிகளும் பகிர்வும்

மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரிலோ குறைந்தது வேறு வீட்டிலோ. ஆண்டுக்கு ஒருமுறை ஃபிளாக் சோதனையை மொத்த ஃபோல்டருக்கும் ஓட்டுங்கள். கெட்ட கோப்பை நல்ல பிரதியிலிருந்து மாற்றிக்கொள்ளலாம்.

பாடகரின் குடும்பத்தார் இருக்கிறார்கள் என்றால் இணையத்தில் ஏற்றுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். முதல் பிரதியை அவர்களுக்கே கொடுப்பது முறை. இன்னொரு சேகரிப்பாளருக்குக் கொடுக்கும்போது படி 3-ன் தொடாத மூலக் கோப்புகள், உறைப் படங்கள், வந்த வழிக் குறிப்பு மூன்றையும் ஒரே ஃபோல்டராக டிஸ்க்கில் போட்டுக் கொடுங்கள். ஒரே ஒரு பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியிருந்தால் ஃபிளாக்கை ‘டாக்குமென்ட்’ ஆக இணைத்து அனுப்புங்கள். ஸ்பீக்கரில் போட்டு வாய்ஸ் மெசேஜாகப் பதிந்து அனுப்புவது ராகத்தை அடையாளம் கேட்க மட்டும் சரி.

டிஜிட்டல் ஆக்கியாயிற்று என்று டேப்பைத் தூக்கிப் போடாதீர்கள். முழுவதும் ஒரு பக்கமாகச் சுற்றி, நெட்டுக்குத்தாக நிறுத்தி, ஸ்பீக்கர் காந்தத்துக்கும் ஈரச் சுவருக்கும் தள்ளி வையுங்கள். உங்களிடம் இருப்பதைவிட நல்ல டெக் ஒன்று என்றாவது கிடைத்தால் படி 2-லிருந்து மறுபடியும் எடுக்கலாம்.